சோறும் இட்லியும் சாப்பிட்டுக்கொண்டே சுகரைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? முழு வழிகாட்டி

சுகர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கும். காபியில் சர்க்கரை நின்றுவிடும், ஸ்வீட் டப்பா அலமாரி மேல்தட்டுக்குப் போய்விடும், ராத்திரிக்கு சப்பாத்தி வந்துவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தால் எண் பெரிதாக இறங்கியிருக்காது. "இனிப்பையே தொடுறதில்ல டாக்டர், அப்புறம் எப்படி?" என்று கேட்பார்கள்.

கணக்கு எளிதுதான். காபிக்குப் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை 4, 5 கிராம் இருக்கும். மதியம் சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று சுற்று சோறு போட்டுக்கொண்டால் அதிலிருந்து மட்டும் 80 முதல் 100 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது, அது அத்தனையும் வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகத்தான் உடைகிறது. இனிக்கவில்லை என்பதால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். 21 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களைவிட சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றும், அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தெரிகிறது என்றும் அதில் கண்டார்கள். 450 கிராம் சோறு என்பது ஏதோ பெருந்தீனி என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் மதியமும் இரவும் சோறு சாப்பிடும் எவரும் சாதாரணமாகத் தாண்டிவிடும் அளவு அது.

அதற்காகச் சோற்றை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. அப்படி விட்டவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் இரண்டு மடங்கு பசியோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். அளவு, துணைக்கு என்ன, எந்த வரிசையில், பிறகு நடந்தீர்களா என்ற நான்கைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இது டைப் 2 சுகர் உள்ளவர்களுக்கும், இன்னும் சுகர் வராமல் அதன் ஓரத்தில் (ப்ரீ-டயாபெட்டிஸ்) நிற்கிறவர்களுக்கும். டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தங்கள் டாக்டர் சொல்லும் கணக்கையே பின்பற்றுங்கள்.

படி 1: தட்டில் கை வைக்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

இதை யாரும் முதலில் சொல்வதில்லை, ஆனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நீங்கள் இன்சுலின் போடுகிறவராகவோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவராகவோ இருந்தால், மாத்திரை அதே அளவில் இருக்க நாளையிலிருந்து சோற்றை மட்டும் பாதியாக்கினால் சுகர் 70-க்குக் கீழே விழுந்துவிடலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் வேறொரு ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அதனால் "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை மாற்றணுமா?" என்று ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

சுகர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அப்போது சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல், 100 முதல் 125 வரை ஓரம், 126-ம் அதற்கு மேலும் சுகர். மூன்று மாத சராசரி என்று சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை ஓரம், 6.5-லிருந்து சுகர். ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு வெறும் வயிற்றில் 80–130, சாப்பிட்ட பிறகு 180-க்குள், சராசரி 7-க்குள். வயதானவர்களுக்கு டாக்டரே இதைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். ரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரி எண் ஏமாற்றக்கூடும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஓரத்தில் நிற்கிறவர்கள் "நமக்கு இன்னும் வரல" என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். நம் நாட்டிலேயே 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியது மட்டுமே சுகர் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைந்தது.

வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் அவசியம். பலர் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து எழுதி வைக்கிறார்கள், அதை வைத்து எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ஒன்று, முதல் வாய் எடுத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் இன்னொன்று என்று ஜோடியாகப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50-க்குள் நின்றால் அந்தத் தட்டு உங்களுக்குப் பரவாயில்லை. 80, 90 என்று தாவினால் அந்தத் தட்டை மாற்ற வேண்டும். தினமும் குத்திக்கொள்ள வேண்டாம், வாரத்துக்கு இரண்டு வேளை போதும், ஒரு வாரம் இட்லி, அடுத்த வாரம் மதியச் சாப்பாடு என்று.

குத்தும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் அப்படியே குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் தாறுமாறாக ஏறிக் காட்டும், அதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு, அதனால் 142-க்கும் 150-க்கும் இடையில் போராடிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 3: ஒரே ஒருநாள் தட்டை அளந்து பாருங்கள்

சமையலறைத் தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு கப். வழக்கமாகப் போட்டுக்கொள்கிற சோற்றைத் தட்டில் போட்டு, சாப்பிடுவதற்கு முன் அதைக் கப்பில் அள்ளி எண்ணுங்கள். 150 கிராம் சோறு, அதாவது சுமாராக ஒரு கப், ஏறத்தாழ 42 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்று 12 முதல் 15 கிராம். வீட்டுத் தோசை ஒன்று 20-ஐ ஒட்டி வரும், ஓட்டல் ரோஸ்ட் அதைவிடக் கூட. சப்பாத்தி ஒன்று 20.

இங்கேதான் சப்பாத்தி நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டால், ஒன்றரைக் கப் சோறு சாப்பிட்டதற்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சப்பாத்திக்கு ஒரே நன்மை, அதை எண்ண முடியும், சோற்றை யாரும் எண்ணுவதில்லை.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு மாவுச்சத்தை 45 கிராமை ஒட்டி வைத்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். உடலுழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இதுவேகூட அதிகமாக இருக்கலாம்.

படி 4: காலை டிபன்

நம் சாப்பாட்டில் சுகரை அதிகம் ஏற்றும் வேளை பெரும்பாலும் இதுதான். காலையில் உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத நேரம், நாமோ நான்கு இட்லி, அல்லது பொங்கல், அல்லது ரவா உப்புமா என்று தட்டு முழுக்க மாவாகவே வைக்கிறோம். பூரி, பரோட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இட்லியை விட வேண்டாம். நான்கை இரண்டாக்கி, அந்த இடத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள், சாம்பாரைத் தொட்டுக்கொள்ளாமல் கிண்ணத்தில் ஊற்றி, பருப்பும் காயும் கெட்டியாக இருக்கும்படி சாப்பிடுங்கள். மாவு அரைக்கும்போது 4-க்கு 1 உளுந்து போடுகிற வீடுகளில் 3-க்கு 1 போட்டுப் பாருங்கள், இட்லி கெட்டுப் போகாது. அதற்கு மேல் உளுந்து ஏற்றினால் இட்லி தட்டையாகிப் பிசுபிசுக்கும், வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அடை, ஒருநாள் பாசிப்பயறு தோசை என்று வைத்துக்கொண்டால் காலை எண்ணில் நல்ல மாற்றம் தெரியும். அடைக்கு ஒரு பங்கு அரிசி என்றால் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் சேர்ந்து இரண்டு பங்கு, அதில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுவிடுங்கள். பாசிப்பயறு தோசைக்குப் பயறை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்து, மொறுமொறுப்புக்கு ஒரு கைப்பிடி அரிசி மட்டும். புளிக்க வைக்கவே வேண்டாம், அரைத்ததும் ஊற்றலாம். எண்ணெயை மட்டும் சுற்றி ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஓட்ஸ் பற்றிக் கேட்பார்கள். தட்டையாக நசுக்கிய சாதா ஓட்ஸ் பரவாயில்லை. இரண்டு நிமிடத்தில் வேகும் மசாலா பாக்கெட் ஓட்ஸ் ரொம்பப் பொடிந்தது, சுகரைச் சீக்கிரம் ஏற்றும்.

படி 5: மதியம், வரிசையை மாற்றுங்கள்

சோற்றைப் பிசைய ஆரம்பிப்பதற்கு முன் பொரியலையும் கூட்டையும் பாதி சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மீன், முட்டை, கோழி இருந்தால் அதையும் முன்னால் கொஞ்சம். சோறு கடைசியில். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறினாலே சாப்பிட்ட பிறகு ஏறும் எண் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, உங்கள் மீட்டரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போய்விட்டால் வயிறு மெதுவாகக் காலியாகிறது, சர்க்கரையும் மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன் என்று கண்ணளவு வையுங்கள். காய் என்றதும் உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளி வறுவலை அதில் சேர்க்காதீர்கள், அவை சோற்றின் பங்கில் வரும். அவரை, கொத்தவரை, புடலை, வெண்டை, முட்டைக்கோஸ், வாழைப்பூ, எந்தக் கீரையானாலும் சரி. மூன்று சுற்றுச் சோறு பழக்கம் விடாது என்றால் ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடுங்கள், சோறு சாம்பாருக்கு மட்டும். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்கம்மா" என்று வீட்டில் யாராவது நிற்பார்கள், அவர்களிடம் இன்னொரு கரண்டி கூட்டு கேளுங்கள், மனம் கோணாது.

எந்த அரிசி? நன்றாகத் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் கொஞ்சம் மேல், கைக்குத்தலும் மாப்பிள்ளைச் சம்பாவும் அதைவிட மேல், நார் அதிகம், மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவீர்கள். ஆனால் கைக்குத்தல் என்று மூன்று கப் சாப்பிட்டால் பொன்னி ஒரு கப்பிடம் தோற்றுப் போவீர்கள். குழைய வேகவிடாமல் பருக்கை பருக்கையாக எடுங்கள். கஞ்சியை வடித்தால் சுகரே ஏறாது என்பதை நம்பிவிட வேண்டாம், போவது கொஞ்சம்தான். பழைய சோற்றில் ஆறியதால் செரிக்காத மாவு சற்றுக் கூடும் என்பது உண்மை, அதுவும் அளவைப் பொறுத்த விஷயம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வேகமாக வேண்டாம், மொட்டை மாடியில், அலுவலக வராந்தாவில், தெருமுனை வரை, எங்கே வேண்டுமானாலும். தசை அசையும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்காருகிறவர்களும் இந்தச் சின்ன நடையை விடக்கூடாது. சாப்பிட்டதும் படுப்பது மதியத் தூக்கத்துக்கு நல்ல யோசனை, சுகருக்குக் கெட்ட யோசனை.

படி 6: ராத்திரியும் காலை எண்ணும்

ராத்திரிச் சாப்பாட்டைத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள், மதியத்தைவிடச் சிறியதாக. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலையில 150 காட்டுது" என்ற குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. விடியற்காலையில் உடம்பு எழுவதற்குத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. பட்டினி கிடந்து இதைச் சரிசெய்ய முடியாது. ராத்திரி நேரத்தோடு சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, நன்றாகத் தூங்கியும் அது இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றும் வேலை டாக்டருடையது.

படி 7: இடையில் வாயில் போவது

டீக்கடையில் "அண்ணே, சர்க்கரை இல்லாம" என்று கேட்டு வாங்கிவிட்டு, கூடவே ஒரு பன்னையோ இரண்டு பிஸ்கட்டையோ எடுத்துக்கொள்வது நமக்குக் கைவந்த கலை. மாரி பிஸ்கட்டில் முக்கால் பங்கு மாவுச்சத்து. 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட்டிலும் மைதா மைதாதான். பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள், முன்பக்கத்து விளம்பரத்தை விடுங்கள். பாலில் கலக்கும் சத்துமாவு டிரிங்க்குகளும் இதே கணக்குத்தான்.

அந்த இடத்துக்கு வேகவைத்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மோர். கோயில் சுண்டலைவிட நல்ல மாலைத் தீனி சுகர்காரருக்குக் கிடையாது.

பழத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொய்யா ஒன்று, பப்பாளி ஒரு கிண்ணம், ஆப்பிள் ஒன்று, இதில் ஏதாவது ஒன்று ஒரு நாளைக்கு, ஆனால் சோற்றுக்கு மேல் போடாமல் தனி நேரத்தில். மாம்பழக் காலத்தில் முழுப் பழம் வேண்டாம், இரண்டு கீற்று, அன்றைக்குச் சோற்றில் அரைக் கப் குறையுங்கள். ஜூஸ் எந்தப் பழத்தினுடையதும் வேண்டாம், சர்க்கரை போடாததும்கூட.

சிறுதானியம், கருப்பட்டி, வெந்தயம்

கேழ்வரகில் சுகரே ஏறாது என்று நினைத்து காலையும் இரவும் கூழ் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 67. பெரிய வித்தியாசம் நாரில்தான், அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் 11. அந்த நன்மையும் நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கும்போது பெருமளவு போய்விடுகிறது. கேழ்வரகு அடை, முளைகட்டிய கம்பு, தவிடு நீக்காத சாமை, வரகு, குதிரைவாலி நல்லதுதான், அளவு சோற்றுக்குச் சொன்ன அதே அளவு.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே சர்க்கரைதான். மணமும் கொஞ்சம் தாது உப்பும் கூடுதல், ரத்தத்தில் வேலை அதேதான். வெந்தயத்தில் கரையும் நார் இருக்கிறது, ஊறவைத்து ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் ஓரளவு உதவும், பாகற்காய் நல்ல காய். இரண்டுமே மாத்திரைக்கு மாற்று கிடையாது. "நான் ஆவாரம்பூ குடிச்சு மாத்திரைய விட்டுட்டேன்" என்று யாராவது சொன்னால் அவருடைய ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணப் பந்தியில்

போகாமல் இருக்க முடியாது, போங்கள். இலை போட்டதும் வரும் கூட்டு, அவியல், பொரியல், பச்சடியை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குள் சோறு வந்துவிடும். ஒரு கரண்டி வாங்கிக் கையால் மறித்துவிடுங்கள், மறிக்காவிட்டால் பரிமாறுகிறவர் கை நிற்காது. அப்பளம், வறுவலுக்குப் பதில் இரண்டாவது முறை கூட்டு. பாயசம் பிடிக்கும் என்றால் இரண்டு வாய், அன்றைக்குப் பழமும் பீடாவும் வேண்டாம். சாப்பிட்டதும் மண்டபத்து நாற்காலியில் உட்காராமல் வாசல் வரை நான்கு முறை போய் வந்தால் மொய் எழுதுகிற இடமும் காலியாகியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி மறுபடி பாருங்கள், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. போகும்போது ஜோடி எண்கள் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள், அரை மணி நேரம் பேசுவதைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லும். சராசரி இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். இறங்காவிட்டால் நோட்டில் எந்த வேளை தாவுகிறது என்று பார்த்து அந்த ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள், பெரும்பாலும் அது காலை டிபனாகவோ, நான்கு மணி டீயாகவோ இருக்கும். எல்லா வேளையும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் மாத்திரை கூடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வருடங்கள் போகப் போக கணையம் சுரப்பது குறையும், அதற்குச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது. அப்படியே கண், பாதம், சிறுநீரில் புரதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.